வட ஆற்காட்டின் கடற்கரை

(வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நேற்று ஒரு நண்பர் போன் செய்தார். “அச்சுப் பிழையா சார்? தென் ஆற்காடுன்னு இருக்கணுமே?” என்றார். நியாயமான சந்தேகம். பழைய தென் ஆற்காட்டுக்குக் கடலூர் இருந்தது, பரங்கிப்பேட்டை இருந்தது, மரக்காணம் இருந்தது. நமக்கு என்ன இருந்தது? பாறை, ஏரி, வெயில். 1989இல் வட ஆற்காட்டை இரண்டாக்கினார்கள். 2019இல் வேலூரை மூன்றாக்கினார்கள். இத்தனை முறை பாகப்பிரிவினை நடந்தும் யார் பங்குக்கும் ஒரு முழம் கடற்கரை வரவில்லை.

ஆனால் நமக்கு ஒரு ஆறு இருக்கிறது. அதில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு பேச்சு. ஆறு என்று இருந்தால் அது எங்கேயாவது போய் விழத்தானே வேண்டும்? பாலாறு கடலில் விழுகிற இடத்தைச் சுற்றி, வடக்கே கோவளம் முதல் தெற்கே மரக்காணம் வரை இருக்கிற சின்னச் சின்ன ஊர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மாமல்லபுரத்தை விட்டுவிடுகிறேன். அதைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222, ஆக மொத்தம் 348 கிலோமீட்டர். இது பள்ளிக்கூடப் பாடம். முப்பது வருஷம் நானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். கடைசியில், ‘சதுரங்கப்பட்டினம் அருகே வங்கக் கடலில் கலக்கிறது’ என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு உட்காருவார்கள். அந்தக் கடைசி வரியை நான் நேரில் போய்ப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். போகிற வழியில்தான் செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேர்கிற திருமுக்கூடல் இருக்கிறது. அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. பதினொன்றாம் நூற்றாண்டு. கோயிலோடு நடந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கை, நாடி பார்க்க ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து இடிக்க ஆள், எந்த மருந்து எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று கணக்கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊர்க்காரர்கள் நாம், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சரி, ஆற்றுக்கு வருவோம்.

வாயலூர். கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாற்றின் வடகரையில் சின்ன ஊர். அங்கே சிவன் கோயில் தூண் ஒன்றில் பல்லவ ராஜசிம்மன் தன் வம்சாவளியைப் பிரம்மாவில் தொடங்கித் தன் பெயர் வரை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். பல்லவர் வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அந்தத் தூணைத் தாண்டிப் போக முடியாது. ஆறு முடிகிற இடத்தில் போய் ஒரு ராஜா தன் முப்பாட்டன் பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறான் என்றால் அந்த இடத்துக்கு அன்றைக்கு ஏதோ மதிப்பு இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு அங்கே இறங்கினால் ஒரு டீக்கடை, சவுக்குத் தோப்பு, ஆற்றின் குறுக்கே சில வருஷம் முன்பு கட்டிய தடுப்பணை. அக்கரையில் இருக்கிற ஊரின் பெயர் கடலூர். மாவட்டத் தலைநகர் கடலூர் இல்லை, இது வேறு. பெரியகுப்பம், சின்னகுப்பம் என்று மீனவர் குடியிருப்புகளோடு இருக்கிற கிராமம்.

முகத்துவாரம் என்றால் என்ன எதிர்பார்ப்போம்? ஆறும் கடலும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று. நான் போனபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. இந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் குளம் போல அசையாமல் கிடக்கிறது, அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டே இருக்கிறது. நடுவில் நாலைந்து நாய்கள் படுத்திருக்கின்றன. ஒரு பெரியவர் மேட்டில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு சார்?”

“வேலூருங்க.”

“பாலாத்துக்காரரா! எங்க தண்ணிய மேலேயே நிறுத்திக்கிட்டது நீங்கதானா?”

எனக்குச் சுருக்கென்றது. “நாங்க எங்கங்க நிறுத்தினோம்? எங்களுக்கே ஆந்திராக்காரன் விடறதில்லை” என்றேன்.

வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அவங்க கர்நாடகாவைச் சொல்லுவாங்க.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, என்னிடம் பதிலும் இல்லை. மேலே ஆந்திரத்தின் தடுப்பணைகள், அதற்கு மேலே பேத்தமங்கலம் ஏரி, 1892ஆம் வருஷத்துச் சென்னை - மைசூர் ஒப்பந்தம் என்று ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேச எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கும் தெரியும். ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் முகம் எப்போதும் மேற்கே திரும்பித்தான் இருக்கும். நமக்குக் கிழக்கே ஒரு ஊர் இருக்கிறது, அவர்களுக்கு நாம்தான் ‘மேலே இருக்கிறவன்’ என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாலு முறை அந்தக் கரைக்குப் போனேன். போகப் போக, அங்கே நம் கைரேகை எங்கெல்லாம் பதிந்திருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது.

சதுரங்கப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் சத்ராஸ் என்று ஆக்கினார்கள். பதினான்காம் நூற்றாண்டில் அதற்கு ராஜநாராயணன் பட்டினம் என்று ஒரு பெயர். யார் இந்த ராஜநாராயணன்? சம்புவராயர். எங்கிருந்து ஆண்டார்கள்? நம் படவேட்டிலிருந்து! ஜவ்வாது மலை அடிவாரத்தில், வாழைத் தோப்புக்கும் ரேணுகாம்பாள் கோயிலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கடற்கரையில் ஒரு துறைமுகத்துக்குத் தன் பெயரை வைத்திருக்கிறான். நடுவில் இத்தனை மைல் இருக்கிறதே என்று யோசித்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் டச்சுக்காரர்கள் வந்தார்கள். நெசவு ஊர் என்பதால் வந்தார்கள். இங்கிருந்து மஸ்லின் துணி போனது. அவர்கள் கட்டிய செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது, பாதி. 1782 பிப்ரவரி 17ஆம் தேதி இதே கரைக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதிக்கொண்டன. ஒரு பக்கம் ஹியூஸ், இன்னொரு பக்கம் சுஃப்ரன். யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு தரப்பும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, அதை விடுங்கள்.

எனக்குப் பிடித்தது கோட்டைக்குள் இருக்கிற கல்லறைகள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுக் கல்லறைகள். பாயை விரித்தது போலப் பெரிய பெரிய கற்பலகைகள், தரையோடு தரையாக. எழுத்து அவ்வளவு சுத்தம். ஓரத்தில் கொடிக் கோலம், நடுவில் குடும்பச் சின்னம். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். ஆழமாக வெட்டிய எழுத்துக் குழிக்குள் உப்புக் காற்றும் மணலும் படிந்து நறநறவென்று இருந்தது. ஊர் பெயர் தெரியாத ஒரு மனிதன் துணி வாங்க வந்து இங்கேயே படுத்துவிட்டான். கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து உள்ளே விழுந்தால் எடுத்துப் போட ஒரு குட்டிப் பையனை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

துணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கரையிலேயே இன்னும் வடக்கே, பழவேற்காட்டில், 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அங்கிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகக் கிழக்கே போனது. மலாய்க்காரர்கள் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலியை ‘பெலிக்காட்’ என்றுதான் சொல்கிறார்கள். பழவேற்காடுதான் அவர்கள் வாயில் அப்படி ஆனது. நம் குடியாத்தத்துத் தறியில் கைலி ஓடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள் அடுத்த முறை கொஞ்சம் கிழக்கேயும் காது கொடுங்கள்.

ஆற்காட்டு நவாபுக்கும் கடல் ஆசை இருந்தது. பாலாற்றங்கரையில் தலைநகரம், கையில் ராஜ்ஜியம், ஆனால் துறைமுகமெல்லாம் வெள்ளைக்காரன் கையில். கோவளத்தில் ‘சாதத் பந்தர்’ என்று நவாப் பெயரிலேயே ஒரு துறைமுகம் எழுந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752இல் கிளைவ் வந்து இடித்தான். அதே கிளைவ்தான், முந்தின வருஷம் நம் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டு தப்பித்தவன். இன்று கோவளத்தில் தர்கா இருக்கிறது, பழைய மாதா கோயில் இருக்கிறது, அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள். துறைமுகம் இல்லை.

தெற்கே கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரை. அதுவும் நவாபு காலத்துக் கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, வழக்கம்போல் இடிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி மிச்சத்திலும் கொஞ்சம் கொண்டுபோனது. கழிமுகத்தைப் பார்த்தபடி செங்கல் சுவர்கள் பல் விழுந்த வாய் போல நிற்கின்றன. சினிமாக்காரர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள்.

இந்தக் கதை எல்லாம் நடந்து முடிந்து, 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. எதுவரை? வாலாஜா ரோடு வரை. அலை சத்தம் கேட்கிற ஊரில் ஏறி நம் பாலாற்றங்கரைக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். கூடைக்குள் யாராவது கருவாடு வைத்திருந்தார்களா என்று எந்த ஆவணத்திலும் இல்லை. இருந்திருக்கும்.

இப்போது மரக்காணம். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று வருவதை மரக்காணத்தை ஒட்டிய ஊர் என்கிறார்கள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் ஒட்டகம் படுத்துத் தூங்குவது போலக் கிடக்கின்றனவாம். அந்தக் கட்டையை விறகாக்கிப் பரதவர் வீட்டில் விருந்து. சுட்ட குழல்மீன் கருவாடு கிடைக்கும் என்று பாணனுக்கு வழி சொல்கிறார் புலவர். அடுத்த ஊர் எது தெரியுமா? வேலூர். மாணவனாக இருந்தபோது அந்த வரியைப் படித்து நான் மார்தட்டிக்கொண்டேன். தமிழாசிரியர் தட்டி உட்கார வைத்தார்: “டேய், அது உங்க வேலூர் இல்லை, உப்புவேலூர்.” மரக்காணத்துக்குப் பக்கத்தில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் பலகையைப் பார்த்தேன்.

உப்பு! மரக்காணத்தில் இறங்கினால் பார்வை போகிற வரைக்கும் பாத்தி. வெயில் ஏற ஏறத் தண்ணீர் மேல் ஆடை போலப் படிவதைப் பலகை வைத்து இழுத்துக் கூட்டுகிறார்கள். வெறும் காலோடு நிற்கிறார்கள், பாதத்தில் வெடிப்பு. கண்ணுக்கு அழகான இடம்தான், ஒரு பத்து நிமிஷத்துக்கு. அதற்கு மேல் கண் கூசுகிறது. நம் வெயிலே தேவலாம் என்று ஒரு வேலூர்க்காரன் சொல்கிற இடம் அது ஒன்றுதான்.

உப்பு நமக்கு என்ன சம்பந்தம் என்று வாணியம்பாடிக்காரர்கள், ஆம்பூர்க்காரர்கள், பேரணாம்பட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் கெடாமல் இருக்க உப்பைத்தான் அள்ளிப் பூசுகிறோம். தூத்துக்குடியோ மரக்காணமோ, எங்கிருந்தாவது கடல் உப்பு வந்தாக வேண்டும். தொழிற்சாலையில் முதல் வேலை அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழுவுவது. கழுவின தண்ணீர் எங்கே போனது? உங்களுக்குத் தெரியும். வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்துகிறார்கள். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. கடலிலிருந்து எடுத்த உப்பைக் கடலுக்கே கொண்டுபோய்விட ஆற்றில் தண்ணீராவது ஓட வேண்டும். அதுவும் இல்லாமல் அது நம் கிணற்றிலேயே தங்கிவிட்டது.

அடுத்தது மணல். இதுதான் அந்தக் கரையில் எனக்கு ரொம்ப உறுத்தியது. நாம் நினைப்பது போலக் கடற்கரை மணல் அங்கேயே கிடப்பது இல்லை. அது நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலை மணலை வடக்கே தள்ளும், வாடைக் காலத்தில் தெற்கே இழுக்கும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். போகிற மணலுக்கு ஈடாக ஆறு புதுசாகக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். நடுவில் யாராவது கடலுக்குள் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரையைக் கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் அரித்துப்போனதும் அப்படித்தான். ஒரு குப்பத்தில் அரிப்பு என்றால் ‘தூண்டில் வளைவு’ வேண்டும் என்று கேட்கிறார்கள். பாவம், வேறு என்ன கேட்பார்கள்? கல் வளைவு போட்டதும் அந்தக் குப்பம் பிழைத்துக்கொள்ளும். அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்கு நகரும். அவர்களும் மனு கொடுப்பார்கள்.

ஆறு கொண்டுவர வேண்டிய மணல் எங்கே? என் வீட்டு மாடியில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். 1990களில் நான் வீடு கட்டியபோது, ராத்திரியில் லாரி வந்து வாசலில் பாலாற்று மணலைக் கொட்டிவிட்டுப் போனது. ‘சலிக்கவே வேணாம் சார், சர்க்கரை மாதிரி இருக்கும்’ என்றார் மேஸ்திரி. உண்மைதான், சர்க்கரை மாதிரிதான் இருந்தது. அந்தப் பெரியவரிடம் இதை நான் சொல்லவில்லை.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். வாய் திறந்திருந்தால்தான் எறால் குஞ்சு உள்ளே வரும், கலங்கல் தண்ணியில் வளர்ந்து திரும்பப் போகும், மடவையும் கொடுவாவும் ஏறும் என்று. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டுப் போனதே, நாமெல்லாம் பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தோமே, அந்த வெள்ளம் அங்கே போய் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கியது. கடல் பல நாள் செம்மண் நிறமாகவே இருந்ததாம். “மரம், செடி, பிளாஸ்டிக்கு, ஒத்தைச் செருப்பு, எல்லாம் வந்துச்சு சார். அந்த வருஷம் எறால் நல்லா பட்டுது.”

செருப்பு நம் பக்கத்துச் செருப்பாகத்தான் இருக்கும். ஆம்பூர் வழியாகத்தானே வந்தது.

இந்தக் குப்பங்களின் வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கங்கையம்மன்தான் கண்கண்ட தெய்வம். குடியாத்தத்தில் கௌண்டின்யா ஆற்றங்கரையில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு பார்க்கக் கூட்டம் நெரிக்கிறதே, அதே பெயர் கொண்ட அம்மன் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் சொன்னதுதான். ஊரில் சாவு விழுந்தால் அன்று படகு இறங்காது. கட்டுமரம் இப்போது அபூர்வம், சுனாமிக்குப் பிறகு எங்கும் ஃபைபர் படகு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வேலூர் மீன் கடையில் விலை கேட்டுவிட்டு நாம் கோழிக் கடைக்கு நடக்கிறோம், அவர்கள் வலை பின்னுகிறார்கள்.

அமைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் விடவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போய், அவர் மனைவி ஒரு பழைய அரிசிப் பையில் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “வேலூருல கருவாட்டுக்கு என்ன காய் போடுவீங்க?” என்று கேட்டார். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் என்றேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின காய் என்றெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. “முள்ளா? கத்தரிக்கா முள்ளா இருந்தா எப்படிம்மா அரியறது?” என்று பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செங்கல்பட்டில் பஸ் மாறும்போது கண்டக்டர் பையை மோந்து பார்த்துவிட்டு, கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார். காஞ்சிபுரம் தாண்டும்வரை என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. வாலாஜாவில் ஏறின ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டு, “நெத்திலியா தம்பி? எங்க வாங்கினே?” என்றார்.

போன மாதம் ஐந்து கிலோ முள்ளு கத்தரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்துவாரம் மறுபடி அடைத்திருந்தது.